அம்மாவைத் தூங்கவிட ஓர் ஆதாரம்

செவ்வாய்க்கிழமை காலை காபியைக் கையில் வாங்கியதும் அம்மா தன் முடிவைச் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தி வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாள். அவளோடு அம்மா சித்தி வீட்டுக்குப் போகப்போகிறாள். இனி அங்கேதான்.

“ஏம்மா?” என்றாள் சின்னவள்.

“அங்க என்னைத் தூங்க விடுவாங்க.”

அத்தோடு அம்மா காபியில் இறங்கிவிட்டாள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டில் அவர்களைப் பெரியவன், சின்னவள் என்றுதான் கூப்பிடுவது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட அம்மா, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தானாகப் புரண்டு படுக்க முடியாமல் கிடந்தாள். சின்னவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே பக்கமாகக் கிடக்கும் உடம்பு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு துருத்தும் இடத்தில் முதலில் தோல் சிவக்கும். பிறகு கறுக்கும். பிறகு பள்ளம் விழும். அன்பான வீடுகளிலிருந்து, நிம்மதியாகத் தூங்கவிடப்பட்ட வயதானவர்கள் அவளுடைய வார்டுக்கு வருவதுண்டு. திருப்பிப் பார்த்தால் முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் குழி இருக்கும். கூட வந்தவர்கள், “நாங்க அவருக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல சிஸ்டர்” என்பார்கள். அது பொய்யே இல்லை.

ஆகவே அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தார்கள். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. இரவில்தான் வீடு போர்க்களமானது. முன்னிரவு பெரியவன் பொறுப்பு, பின்னிரவு சின்னவள் பொறுப்பு. அலமாரிக் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தாள். இடது, நிமிர்ந்து, வலது, மறுபடி இடது. அம்மா ஓய்வுபெறும்வரை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவள். அந்த அட்டவணையை முதல் நாளே படித்துவிட்டு, “காலமெல்லாம் நான் பஸ்ஸுக்கு டைம் போட்டேன். கடைசியில என் வயித்துல பொறந்தது எனக்கு டைம் போடுது” என்றாள். சின்னவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

சித்தி நல்லவள். அதுதான் கவலை. அக்காவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவாள். எழுப்ப மட்டும் மாட்டாள். தூங்குகிறவரைத் தொடுவது பாவம் என்பது சித்தியின் கட்சி. அம்மா அங்கே போனால் நன்றாகத் தூங்குவாள், அடுத்த மாதம் குழியோடு வார்டுக்கு வருவாள். போகாவிட்டால் குழி இருக்காது, தூக்கமும் இருக்காது.

“மூணு மணி நேரம், நாலு மணி நேரம்னு விட்டா என்ன?” என்றான் பெரியவன். வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவனுக்குச் சேதம் பார்க்கும் வேலை. நாளெல்லாம் நசுங்கிய கார்களைச் சுற்றிச்சுற்றி வந்து சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன், ஒரு வாரமாகத் தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் நம்பிக்கொண்டிருந்தான்.

“ரெண்டுன்னுதான் புக்ல போட்டிருக்கு.”

“ஏன் ரெண்டு?”

சின்னவள் வாயைத் திறந்தாள். ஏன் இரண்டு என்று அவளுக்குத் தெரியவில்லை. பரீட்சையில் எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு ‘இரண்டு’ என்று எழுதி அவள் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அப்போது யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பட்டப்படிப்பை முடிக்க அவள் மாலைநேரக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி வகுப்பில் அந்த வாரம்தான் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உங்கள் பணியில் எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், நூலகத்தின் வழியாக அதற்கு அறிவியல் கட்டுரைகளைத் தேடிப் பிடியுங்கள். மற்றவர்களெல்லாம் கை கழுவுவதைப் பற்றி எழுதுவதாக இருந்தார்கள். அவளும் அப்படித்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் கை கழுவுவதைக் கைகழுவிவிட்டு, ‘படுத்த படுக்கையாக இருப்பவரை இரவில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்?’ என்று எழுதிக் கொடுத்தாள். எழுதிய பிறகு, இது சுயநலமோ என்று தோன்றியது. சுயநலமான கேள்விக்குச் சரியான விடை கிடைக்குமா என்பது அடுத்த சந்தேகம்.

புதன்கிழமை மாலை வகுப்புக்கு முன்னால் நூலகத்துக்குப் போனாள். நீண்ட அறை, தரைவிரிப்பு ஓரங்களில் பிரிந்திருந்தது, ஜன்னலோரம் வரிசையாகக் கணினிகள். மேசைக்குப் பின்னால் இருந்த நூலகர் அவளைவிடக் கொஞ்சம் இளையவராகத் தெரிந்தார்.

“ஒரு விஷயத்துக்கு ஆதாரம் தேடணும் மேடம்.”

“யாருக்கு எதிரா?”

“எதிரா எல்லாம் இல்லை. எங்க அம்மாவுக்காக.”

“அம்மா வாதியா, பிரதிவாதியா?”

“நோயாளி.”

நூலகர் பேனாவைக் கீழே வைத்தார். “மன்னிச்சுக்கோங்க. போன மாசம் வரைக்கும் சட்டப் பிரிவுல இருந்தேன். அங்க யாரும் நோயாளியா வர மாட்டாங்க. போகும்போதுதான் அப்படிப் போவாங்க.”

தரவுத்தளத்தை எப்படித் திறப்பது என்று காட்டிவிட்டு நூலகர் போய்விட்டார். சின்னவள் முறையாக ஆரம்பித்தாள். வகுப்பில் சொல்லித் தந்த வடிகட்டிகளை ஒன்றுவிடாமல் குறியிட்டாள். சமீப ஆண்டுகளில் வந்தது, முழுக் கட்டுரையும் கிடைப்பது, பிற நிபுணர்கள் சரிபார்த்தது. பிறகு தேடுசொற்கள். பெண். எழுபதுக்கு மேல். இடுப்பெலும்பு முறிவு. இடது பக்கம். அறுவை சிகிச்சைக்குப் பின். வீடு. இரவு. பார்த்துக்கொள்பவர்: மகள். ஒரு நிமிடம் யோசித்து, மகனையும் சேர்த்தாள். அவனும் பாதி இரவு விழிக்கிறானே. ‘ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்’ என்றும் தட்டினாள். இது கொஞ்சம் அதிகமோ என்று அதை மட்டும் அழித்தாள்.

முடிவு: பூஜ்ஜியம்.

ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி தட்டினாள். பூஜ்ஜியம் அப்படியே இருந்தது. எழுந்து மேசைக்குப் போனாள்.

“மேடம், இதைப் பத்தி உலகத்துல யாருமே ஆராய்ச்சி பண்ணலை.”

நூலகர் வந்து திரையை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார்.

“சிஸ்டர், நீங்க கட்டுரையைத் தேடலை. உங்க அம்மாவைத் தேடுறீங்க. அவங்க இதுக்குள்ள இல்லை.”

சின்னவள் திரையைப் பார்த்தாள். பார்த்தால் அம்மா அங்கே படுத்திருப்பதுபோலத்தான் இருந்தது.

“ஒவ்வொண்ணா எடுங்க. முதல்ல அந்த இடது பக்கம்.”

“எங்க அம்மாவுக்கு இடது பக்கம்தான்.”

“இருக்கட்டும். கட்டுரைக்கு அது தெரிய வேண்டாம்.”

இடது பக்கம் போனது. மகனும் மகளும் போனார்கள். ‘பெண்’ணை எடுக்கச் சொன்னபோது சின்னவளின் விரல் தயங்கியது. “ஆம்பளைங்க தோலும் தோல்தான் சிஸ்டர்” என்றார் நூலகர். வீடும் போனது. பிறகு எடுப்பது நின்று சேர்ப்பது தொடங்கியது. அதே புண்ணுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். படுக்கைப்புண், அழுத்தப்புண், அழுத்தக் காயம். எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் வா என்று மூன்றையும் ‘அல்லது’ போட்டுக் கோத்தார் நூலகர். திருப்புவதற்கும் இரண்டு மூன்று சொற்கள். கடைசியில் பொத்தானைத் தட்டியதும் கட்டுரைகள் மளமளவென்று இறங்கின. அவ்வளவு பேர் இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதில் சின்னவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தலைப்பைப் பார்த்துப் பாதியைக் கழித்தாள். சுருக்கத்தைப் படித்து மீதியில் பெரும்பகுதியைக் கழித்தாள். எஞ்சியவற்றில் ஒன்றுதான் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. பல முதியோர் இல்லங்களில் இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம் என்று பிரித்து ஒப்பிட்டிருந்தார்கள். புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது சுருக்கத்தின் கடைசி வரி. முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால் பூட்டு, பக்கத்தில் விலை.

“பணம் கட்டிடாதீங்க” என்றார் நூலகர், பின்னாலிருந்து. “இந்தப் பத்திரிகை நம்மகிட்ட இல்லை. வேற நூலகத்துல கேட்டு வாங்கித் தர்றேன். வெள்ளிக்கிழமை உங்க மெயிலுக்கு வரும்.”

வெள்ளிக்கிழமைவரை பொறுத்திருக்கலாம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் ஆராய்ச்சி வகுப்பின் முதல் பாடம். சின்னவள் அதை வண்ணப் பேனாவில் அடிக்கோடிட்டு வைத்திருந்தவள். ஆனால் வியாழக்கிழமை காலை அம்மாவின் கண்களுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்ததும் பாடம் மறந்துவிட்டது.

“அம்மா, நாலு மணி நேரம் வரைக்கும் விடலாம்னு ஒரு கட்டுரை இருக்கு. நாளைக்கு முழுசா வந்துடும். வந்ததும் ஆரம்பிச்சுடலாம்.”

“எழுதினது யாரு?”

“பெரிய ஆராய்ச்சியாளருங்க.”

“அவங்க நல்லா இருக்கட்டும்” என்றாள் அம்மா. சின்னவள் வேலைக்குக் கிளம்பி வாசல் தாண்டுவதற்குள் சித்திக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரை சொன்னபடி வந்தது. சின்னவள் அதை உணவு இடைவேளையில் படித்தாள். ‘ஆய்வு முறை’ என்ற பகுதியின் இரண்டாவது பத்தியில் அவளுடைய சோறு ஆறிப்போனது. அந்த இல்லங்களில் எல்லோரும் ஒரு குறிப்பிட்ட வகை நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள். அடர்த்தியானது, உடம்பின் பளுவைப் பரப்பிவிடக் கூடியது. நான்கு மணி நேரம் தாங்கியதில் பாதிப் பங்கு மெத்தைக்கு. அம்மா படுத்திருந்தது பழைய பஞ்சு மெத்தை. நடுவில் படகுபோல உள்வாங்கி, எந்தப் பக்கம் திருப்பினாலும் அம்மாவை அந்தப் பள்ளத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

அன்று மாலை அதைச் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“நேத்து நாலுன்னே. இன்னைக்கு ரெண்டுன்னு சொல்றே.”

“நேத்து நான் சுருக்கத்தை மட்டும் படிச்சேன்மா. தப்புதான்.”

“போர்டை மட்டும் பாத்துட்டு பஸ்ஸுல ஏறினியா?”

சின்னவள் கட்டுரைத் தாள்களை மடித்துப் பையில் வைத்தாள்.

“போனைக் குடு” என்றாள் அம்மா. சித்தியிடம் ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும் என்றாள். சித்தி காரணம் கேட்டிருக்க வேண்டும். “இங்க மெத்தை அந்தக் கட்டுரையைப் படிக்கலையாம்” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அடர்த்தியான நுரை மெத்தை அந்த வீட்டில் ஒன்று இருக்கத்தான் செய்தது. முதுகு வலிக்காகப் பெரியவன் ஆசைஆசையாக வாங்கியது. தன் கட்டிலில் வேறு யாரையும் உட்காரக்கூட விட மாட்டான். சனிக்கிழமை காலை அவன் பல் துலக்கிவிட்டு வரும்வரை சின்னவள் காத்திருந்தாள்.

“அண்ணா, உன் மெத்தை வேணும்.”

“எதுக்கு?”

“அம்மாவுக்கு.”

“எனக்கு முதுகு வலி.”

“தெரியும்.”

“தெரிஞ்சே கேக்குறியா?” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “அந்தக் கட்டுரையைக் காட்டு.”

இரண்டு நாள் முன்னால் கேட்டிருந்தால் எதையும் நம்பியிருப்பான். மெத்தை என்றதும் தூக்கம் கலைந்துவிட்டது. நசுங்கிய கதவைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கட்டுரையைப் பார்த்தான்.

“எத்தனை பேரை வெச்சுப் பாத்தாங்க?”

“நிறைய பேர்.”

“நிறையன்னா? ‘நிறைய அடி’ன்னு எழுதிட்டுப் போனா எங்க ஆபீஸ்ல என்னை வெளியே அனுப்பிடுவாங்க.”

அவள் எண் இருந்த அட்டவணையைக் காட்டினாள்.

“பாதியில விட்டுட்டுப் போனவங்க இருப்பாங்களே. அவங்களுக்குப் புண் வந்துச்சா?”

அதை அவள் பார்த்திருக்கவில்லை. பக்கங்களைப் புரட்டினாள். கணக்கு இருந்தது, விட்டுப்போனவர்கள் எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவள் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது.

“மெத்தையைக் குடுத்தது யாரு?”

சின்னவள் மென்று விழுங்கினாள். “கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு. ஒரு மெத்தை கம்பெனி. இலவசமா.”

பெரியவன் நாற்காலியில் சாய்ந்தான். பெயிண்டுக்கு அடியில் பழைய நசுங்கலைக் கண்டுபிடித்த நிறைவு அவன் முகத்தில். “முடிஞ்சுது போ.”

“இன்னொரு கட்டுரை இருக்கு. வேற ஊர், வேற ஆளுங்க. மெத்தையை அவங்களே காசு குடுத்து வாங்கியிருக்காங்க. மூணு மணி நேரம்னா ஆபத்து கூடலைன்னு அதுலயும் வந்திருக்கு. முழுசாப் புரட்டாம, முதுகுக்குத் தலையணை குடுத்து லேசாச் சாய்ச்சா போதுமாம்.”

அவன் அதையும் வாங்கிப் படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். காபி ஆறியது.

“என் மெத்தையும் அதே மாதிரிதான்னு நீ எப்படிச் சொல்றே?”

“சொல்லலை. லேபிளைப் பாக்கணும்.”

லேபிள் மெத்தையின் அடிப்பக்கம், சுவரோரம் தைக்கப்பட்டிருந்தது. பெரியவன் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துப் பார்த்தான். அவன் எந்த அடர்த்தி எண்ணை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த இடுக்கில் அவளால் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் சேதம் பார்த்துப் பழகிய வாய், எண்ணைக் கண்டதும் உள்ளது உள்ளபடி படித்துவிட்டது. சின்னவள் கட்டுரையோடு ஒப்பிட்டாள். பொருந்தியது. மறுபடி படிக்கச் சொன்னாள். அவன் மறுபடியும் அதையே படித்தான். இடுக்கிலிருந்து தலையை வெளியே எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவசரப்பட அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை.

இருந்தாலும் சின்னவளுக்கு மனம் ஒப்பவில்லை. கட்டுரையில் இருந்தவர்கள் இல்லங்களில் இருந்தவர்கள், அம்மா வீட்டில் இருப்பவள். அங்கே தினமும் தோலைப் பார்க்க ஆள் இருந்தது. அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார், அல்லது வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார்.

“நீங்க நர்ஸ்தானே?” என்றார் கடைசியில்.

“ஆமா டாக்டர்.”

“தோலை தினம் பாக்கப்போறது நீங்க. செய்யலாம், தப்பில்லை. எத்தனை மணி நேரம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

அவளுக்கு யாராவது ஓர் எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. டாக்டர் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை இருவரும் சேர்ந்து மெத்தையை மாற்றினார்கள். அம்மா நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போகிறவளுக்கு இன்றைக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்றாள். குதிகால்கள் மெத்தையில் படாமல் கணுக்காலுக்கடியில் சின்னவள் தலையணை வைத்தபோது, “அதையும் படிச்சுட்டாங்களா?” என்று கேட்டாள். பெரியவன் பஞ்சு மெத்தையை முதுகில் சுமந்துகொண்டு, யாரிடமும் பேசாமல் தன் அறைக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி வந்தாள். வாசலில் வண்டி நின்றது. பின்னிருக்கையைச் சாய்த்து, சுத்தமான விரிப்புப் போட்டிருந்தாள். கைப்பையோடு உள்ளே வந்தவள், “அக்கா எங்க?” என்றாள்.

“தூங்குறாங்க” என்றாள் சின்னவள், தாழ்ந்த குரலில்.

“விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. எழுப்பு.”

“இன்னும் நேரம் ஆகலை சித்தி.”

“எதுக்கு நேரம்? வண்டிக்காரன் காத்துட்டிருக்கான். எழுப்புடி.”

“தூங்குறவங்களைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

சித்திக்கு முகத்தில் ஈயாடவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கமிருந்து பெரியவன் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வந்தான். “என்னடா, நீயும் விழுந்துட்டியா?” என்று கேட்ட சித்தியிடம், “இல்லை சித்தி. ஆராய்ச்சி” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

மூவரும் அறைக்கு வெளியே உட்கார்ந்து அம்மா மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் குறட்டையும் இருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா குறட்டை விட்டுச் சின்னவள் கேட்டதில்லை.

அம்மா தானாகவே கண்விழித்தாள். சின்னவள் யாரையும் பேசவிடாமல் முதலில் போர்வையை விலக்கினாள். குதிகால்கள் இரண்டும் தெளிவாக இருந்தன. முதுகின் அடியிலும் ஒன்றுமில்லை. இரவு சாய்ந்து படுத்த பக்கத்தில், இடுப்பெலும்பின் மேல் லேசாகச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாள். வெளுத்தது. விரலை எடுத்ததும் நிறம் திரும்பியது. நல்ல தோல். இன்னொரு முறையும் அழுத்திப் பார்த்தாள்.

“என்ன சொல்லுது?” என்றாள் அம்மா.

“நல்லா இருக்கு.”

“ராத்திரி எத்தனை மணிக்கொருக்கா திருப்பினே?”

“மூணு.”

“நாலுன்னு எழுதியிருந்ததா சொன்னியே.”

“முதல்ல மூணு. இப்படியே ஒரு வாரம் தோல் நல்லா இருந்தா நாலு. சிவப்பு போகாம நின்னா பழையபடி ரெண்டு.”

“அப்படின்னு யாரு எழுதியிருக்கா?”

அப்படி யாரும் எழுதவில்லை. ஒரு கட்டுரையில் மூன்று இருந்தது, இன்னொன்றில் நான்கு இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது போவது, எதைப் பார்த்துத் திரும்பி வருவது என்று அம்மாவுக்கென்று யாரும் வரி போட்டு வைக்கவில்லை. சித்தியும் பெரியவனும் அவளைப் பார்த்தார்கள். வாசலில் வண்டிக்காரன் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“யாரும் எழுதலைம்மா. நான் சொல்றேன்.”

அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வண்டி புறப்படலாமா என்று முடிவுசெய்கிறவள் பார்க்கும் பார்வை அது. பிறகு தலையணையில் தலையை நன்றாக அழுத்திக்கொண்டு தங்கையிடம் திரும்பினாள்.

“வண்டியை அனுப்பிட்டு வா. சாப்பிட்டுட்டு நீ சாவகாசமா போகலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கம் பாக்கி இருக்கு.”